கடற்பறவைத் தீவு

ஸ்காட்லாந்து நாட்டின் மேற்கே ஹெப்ரிடீஸ் என்னும் தீவுக்கூட்டம் உளது. அதனையும் கடந்து அட்லாண்டிக் பேராழியில் ஏறத்தாழ 64 கிலோமீட்டர் சென்றால், அலைகளினிடையே கரிய மலைமுடிகள் சில தோன்றும். அவையே செயின்ட் கில்டாத் தீவுகள். அவற்றுள் பெரியது ஹிர்ட்டா ஆகும். காட்டுயிர்களைக் காணவும், தெளிந்த கடல்நீரில் நீந்தவும் விழைவோர் கோடைக்காலத்தில் சிறு கப்பல்களில் இங்கு வருகின்றனர். ஆயினும் கரையிறங்குதல் எளிதன்று. ஹிர்ட்டாவின் ஊர்க்குடா தென்கிழக்கு நோக்கித் திறந்துள்ளது. அத்திசையிலிருந்து காற்று வலுத்து வீசினால், கரையைக் கண்ணாற் கண்டும் கப்பல் திரும்பிச் செல்ல நேரும்.

போரரே என்னும் தீவின் அருகே இரண்டு பாறைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்ததாகிய ஸ்டாக் அன் ஆர்மின் 196 மீட்டர் உயரமுடையது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அதன்மீது வெண்பனி படிந்தது போலத் தோன்றும். அணுகிப் பார்த்தாலோ, அவ்வெண்மை கேனட் என்னும் கடற்பறவைகளும் அவற்றின் எச்சமுமே என்பது விளங்கும். 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு ஏறத்தாழ 60,000 இணைகள் கூடு கட்டியிருந்தன. மீனைக் கண்டதும் இப்பறவை சிறகுகளைப் பின்னே மடக்கி, எய்த அம்புபோல் நீருள் பாயும். அதன் தோலின்கீழ் உள்ள காற்றுப்பைகள் அவ்வதிர்ச்சியைத் தாங்குகின்றன. புல்வெளிச் சரிவுகளில் வளை தோண்டி வாழும் பஃபின் பறவையின் வண்ண அலகும் காண்போர் கண்ணைக் கவரும்.

இத்தகைய தீவில் மக்களும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். பறவைகளே அவர்களுக்குச் செல்வம். அவற்றின் ஊன் உணவாயிற்று, எண்ணெய் விளக்கெரித்தது, இறகுகள் நிலவுடைமையாளர்க்கு வாரமாகச் சென்றன. சுண்ணமின்றிக் கற்களை அடுக்கிப் புல்தரையால் கூரை வேய்ந்த சிறு கொட்டில்களில் அவர்கள் பறவைகளை உலர்த்தினர். கல்லிடுக்குகளில் புகுந்த காற்றே அவ்வூனைக் கெடாமற் காத்தது. ஆயிரத்திற்கு மேற்பட்ட கொட்டில்களை இன்றும் ஹிர்ட்டாவில் காணலாம்.

1727ஆம் ஆண்டில் மூன்று ஆடவரும் எட்டுச் சிறுவரும் கேனட் குஞ்சுகளைப் பிடிப்பதற்காக ஸ்டாக் அன் ஆர்மினில் இறக்கி விடப்பட்டனர். சில நாட்களில் திரும்பவேண்டிய படகு வரவில்லை. ஹிர்ட்டாவில் பெரியம்மை பரவி, மக்களுள் பெரும்பாலோர் மாண்டுபோயினர். படகு செலுத்த ஆள் இல்லை. அப்பதினொருவரும் மழையிலும் கடுங்குளிரிலும் பறவைகளையும் மீனையும் உண்டு, அடுத்த ஆண்டின் வேனிற்காலம்வரை அப்பாறைமீதே உயிர் தாங்கினர். மீண்டும் ஊர் சேர்ந்தபோது, வரவேற்க உறவினர் பலர் இல்லை!

1877ஆம் ஆண்டு முதல் கோடைதோறும் நீராவிக் கப்பலில் காண்போர் வரலாயினர். அவர்கள் காலுறைகளையும் கம்பளித் துணியையும் விலைக்கு வாங்கியதால் தீவினர் கையில் காசு புழங்கியது. ஆயின் கப்பலோடு சளிநோயும் வந்தது. இளைஞர் பலர் வெளியூர் சென்றனர். எஞ்சியோரால் உழைத்து வாழ இயலவில்லை. அவர்கள் தாமே வேண்டிக்கொண்டபடி, 1930 ஆகஸ்ட் 29ஆம் நாள் 36 பேரும் கப்பலேறினர். வீடுதோறும் விவிலிய நூலைத் திறந்து வைத்து, சிறிது ஓட்ஸ் தானியத்தையும் குவித்துவிட்டே அவர்கள் சென்றனர். மனிதர் வீடுகளையே நம்பி வாழ்ந்த தனியினச் சுண்டெலியும் அதன்பின் சில ஆண்டுகளில் அற்றுப்போயிற்று.

நோயைக் கொணர்ந்ததும் கப்பலே; உயிரைக் காத்ததும் கப்பலே. ஆகவே இன்று வருவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். ஹிர்ட்டாவில் பெருச்சாளி இல்லை. ஒரு சினையெலி மூட்டையில் ஒளிந்து கரையேறினாலும் முட்டைகளும் குஞ்சுகளும் அழியத் தொடங்கும். எனவே பயணிகள் தம் பைகளைச் சோதித்த பின்னரே இறங்குகின்றனர். நீந்துவோர்க்கும் விதிகள் உள. கோடையிலும் இக்கடல் மிகக் குளிர்ந்திருக்கும். திடீரெனக் குதிப்பவர்க்கு மூச்சு வாங்கும். அப்போது நீர் உட்புகின் உயிருக்கு ஊறு நேரும். ஆதலின் மெல்ல இறங்கி, துணையோடு, கரையை ஒட்டியே நீந்துதல் வேண்டும், கடல்நாய்களை நெருங்கலாகாது.

இயற்கையழகுக்காக 1986இலும், மக்கள் வாழ்ந்த பண்பாட்டுக்காக 2005இலும் இத்தீவுகள் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பெற்றன. பிறர் இல்லத்திற்குச் செல்லும் விருந்தினர் அங்குள்ள எதனையும் குலைக்காது திரும்புதலே பண்பாகும். பறவைகளின் இல்லத்திற்குச் செல்வோர்க்கும் அதுவே முறை.

வினாக்கள்

1. ஸ்டாக் அன் ஆர்மின் வெண்பனி மூடியதுபோல் தோன்றுவது ஏன்?
2. 1727ஆம் ஆண்டில் படகு திரும்பி வராமைக்குக் காரணம் யாது?
3. தீவிற்குக் கப்பலால் விளைந்த நன்மை தீமைகளை எழுதுக.