பாத்ரூம் சுவரில் பூசணமா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொடியில் போட்ட துணியே காயாது. பாத்ரூம் சுவர் எங்கே காயப்போகிறது? டைல்ஸ் இடுக்கிலும் சீலிங் மூலையிலும் கறுப்புப் புள்ளிகள் தெரிந்ததுமே பிரஷைத் தூக்காதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

1. வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணம் அல்ல. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கரைந்து மறைந்தால் அது சுவரிலிருந்து வெளிவந்த உப்பு. பக்கெட், மக்கில் படியும் இளஞ்சிவப்பு வழவழப்பும் பெரும்பாலும் பாக்டீரியாதான். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துக் காயவைத்தால் போய்விடும்.

2. குளியல் ஆவியா, குழாய்க் கசிவா என்று சந்தேகமா? பெயின்ட் அடித்த பகுதியில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் சுவரைத் துடைத்து, ஒரு சாண் அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரிக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து இறங்குகிறது என்றால் பிளம்பருக்கும் முன்னால் மேல்வீட்டுக்காரரிடம் பேசியாக வேண்டும். இரண்டில் அதுதான் கஷ்டமான வேலை. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் ஆவிதான் காரணம், கவலை இல்லை.

3. எக்ஸாஸ்ட் ஃபேன் குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும். கதவுக்கு அடியில் இடைவெளி இல்லாவிட்டால் உள்ளே காற்று வராது, சத்தம்தான் மிச்சம். கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டையால் அடைத்திருந்தால் எடுத்துவிட்டு வலை அடியுங்கள்.

4. குளித்த கையோடு வைப்பரால் சுவரையும் தரையையும் இழுத்துவிடுங்கள். ஈரத்துண்டை உள்ளே தொங்கவிடாதீர்கள்.

5. காய்ந்த பூசணத்தை அப்படியே சுரண்டினால் அதன் வித்துகள் காற்றில் பரவும். சோப்புத் தண்ணீரால் நனைத்துவிட்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு தேயுங்கள். வீசிங் உள்ளவர்களுக்கு இந்த வேலை வேண்டாம். டைல்ஸில் கறை நின்றால் பிளீச்சை பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலந்து பூசி, 10 நிமிடம் விட்டு நன்றாகக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

6. பிளீச்சோடு ஆசிட், டாய்லெட் கிளீனர், வினிகர் எதையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அடைத்த பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. ஆசிட்டைத் தனியாக ஊற்றுவதும் நல்லதல்ல. டைல்ஸ் இடுக்கில் உள்ள ஒயிட் சிமென்ட்டை அது அரித்துவிடும். அரித்த சொரசொரப்பில் அழுக்கும் ஈரமும் இன்னும் நன்றாகத் தங்கும்.

7. வாஷ்பேசின் ஓரத்து சிலிக்கானுக்குள் கறுப்பு இறங்கிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பிளேடால் அறுத்து எடுத்து, இடத்தைக் காயவைத்துப் புதிதாகப் பூசுங்கள். ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது.

8. பூசணத்தின் மேலேயே பெயின்ட் அடிப்பது வீண் செலவு. சில மாதத்தில் பெயின்ட் உப்பி உரியும், கறுப்பு மறுபடி எட்டிப் பார்க்கும். சுவர் முழுதாகக் காய்ந்த பிறகு, பங்குனி, சித்திரை வெயிலில் பெயின்டரை வரச் சொல்லுங்கள்.