ஹெரால்டுக்கு வந்த ஸ்க்ரீன்ஷாட்

வண்டலூர் பக்கம் ஒரு காலத்தில் செய்துகொண்டிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று, எங்கள் மதுரை வீட்டுக் கொட்டகையில் பதினாறு வருடம் நின்றது. போன ஆடியில் விற்றேன். உள்ளூரில் கேட்டவர்கள் "ஆடி கழியட்டும்" என்றார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை. ஆனால் அவர்களிடம் பணம் வாங்குவது எப்படி என்று மெக்கானிக்கிலிருந்து மைத்துனர் வரை ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாதிக்குமேல் தப்பு.

"ஸ்க்ரீன்ஷாட் வந்துடுச்சே, அப்புறம் என்ன?"

முதலில் பேசியவர் பட்டாளத்தில் இருக்கிறாராம், வடக்கே எங்கோ போஸ்டிங். 3,80,000 என்றேன். மறுபேச்சில்லாமல் சரி என்றார். எனக்கு அங்கேயே உறுத்தியது. ஹெரால்டை விரும்பி வாங்குகிறவன் முதலில் கேட்பது சேஸிஸைத்தான்: பக்கவாட்டில் நீளும் கைகளில் துரு ஏறியிருக்கிறதா, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட்டின் கீல் உறுதியாக இருக்கிறதா என்று குடைவான். இவர் வண்டியின் நிறத்தைக்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வங்கி வழியாக ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் பணம் அனுப்பியதாக வாட்ஸப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. கூடவே, பத்து இலக்க மொபைல் எண் ஒன்றிலிருந்து "உங்கள் கணக்கில் வரவு" என்று ஒரு எஸ்.எம்.எஸ். வங்கிச் செய்தி அப்படிச் சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வராது. படத்தைப் பெரிதாக்கி, பரிமாற்றத்தின் அடையாளமான யு.டி.ஆர். எண்ணை எண்ணிப் பார்த்தேன். பதினாறு எழுத்து. நெஃப்டுக்குத்தான் 16, ஆர்.டி.ஜி.எஸ். என்றால் 22 இருக்க வேண்டும்.

போன் போட்டேன். "பேங்க் லீவு சார், திங்கட்கிழமை காட்டும். லாரியை இன்னிக்கே அனுப்பிடறேன்" என்றார். 2020 டிசம்பரிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கு லீவே கிடையாது, ஞாயிறும் ஓடும். பணம் பெறும் வங்கி, தகவல் வந்த 30 நிமிடத்துக்குள் கணக்கில் வரவு வைத்தாக வேண்டும். இதைச் சொன்னதும் லைன் கட்டானது.

"பணம் வாங்கவும் பின் போடணும்"

வேண்டாம். க்யூ.ஆர். ஸ்கேன் செய்து யு.பி.ஐ. பின் போட்டால் நம் பணம்தான் போகும். அட்வான்ஸ் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

"கணக்கில் ஏறிட்டா நம்ம பணம்தான்"

படித்தவர்களும் ஏமாறுகிற இடம் இது. ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் வந்த பணத்தை அனுப்பியவர் நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது, அதுவரை உண்மை. ஆனால் அந்தப் பணம் யாருடையது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

திண்டுக்கல் நண்பர் ஒருவர் தன் பத்மினி காரை விற்றார். பேசி முடித்தவர் ஒருவர், பணம் வந்தது வேறொருவர் கணக்கிலிருந்து. "மச்சான் கணக்குண்ணே, எனக்கு லிமிட் முடிஞ்சிடுச்சு" என்று விளக்கம். முழுத் தொகையும் ஏறியது, வண்டியும் போனது. மூன்று வாரம் கழித்து நண்பரின் ஏ.டி.எம். கார்டு வேலை செய்யவில்லை. வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் அது. பறிகொடுத்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுக்க, பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு போய் நண்பரின் கணக்கை முடக்கிவிட்டார்கள். விற்றதற்கான கடிதம், வாட்ஸப் பேச்சு, ஆர்.சி. நகல் எல்லாம் கொண்டுபோய் அலைந்து மீட்க மாதங்கள் ஆயின. மகள் காலேஜ் ஃபீஸும் அதே கணக்கில்தான் இருந்தது.

ஆகவே ஆதாரில் இருக்கும் பெயர், விற்பனைக் கடிதத்தில் இருக்கும் பெயர், பணம் வரும் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். "கூடுதலா 40,000 போட்டுட்டேன், அதை லாரிக்காரருக்கு அனுப்பிடுங்க" என்பவரும் இதே ரகம்தான். கூடுதலாக வந்திருந்தால் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள்.

"டி.டி. ரொக்கம் மாதிரி"

அசல் டி.டி. என்றால் சரி. நகலை அசல்போல அச்சடிக்க இன்று பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. 2018 செப்டம்பர் 15 முதல் டி.டி. எடுத்தவரின் பெயரும் அதிலேயே அச்சாக வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு கொடுத்த கிளையைக் கூப்பிடுங்கள், வாங்குபவர் தரும் நம்பரில் அல்ல.

ரொக்கமே மேல் என்பார் என் மைத்துனர். ஒரு விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2017 ஏப்ரலிலிருந்து தடை. இரண்டு நாளாகப் பிரித்து வாங்கினாலும் விற்பனை ஒன்றுதானே. அபராதம், வாங்கிய தொகை அளவுக்கே வரலாம்.

"காசு வந்தாச்சு, பேப்பர் மெதுவா போகட்டும்"

தேதியும் பெயரும் எழுதாமல், ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதை நம் ஊரில் பெருந்தன்மை என்று நினைக்கிறோம். ஆனால் 2007-இல் விற்ற கார் ஒன்று பல கை மாறி 2009-இல் விபத்துக்குள்ளானது. ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. நஷ்டஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டி என்றால் ஃபார்ம் 28 போட்டு தடையில்லாச் சான்றை (என்.ஓ.சி.) நாமே எடுத்து, அசலைப் பணம் வரும்வரை கையில் வைத்திருப்பது நல்லது.

கடைசியில் வாங்கியவர் புனேக்காரர். போனில் பேசிய முதல் அரைமணி நேரமும் துருவைப் பற்றித்தான். அவரே லாரியோடு வந்தார். முதலில் தன் கணக்கிலிருந்து நூறு ரூபாய் போட்டார், பெயரைச் சரிபார்த்தேன். பிறகு அவர் ஆர்.டி.ஜி.எஸ். போட, இருவரும் என் வங்கிக் கிளையில் பாஸ்புக்கோடு உட்கார்ந்திருந்தோம். பதினெட்டு நிமிடம். அச்சான வரியை அவரும் எட்டிப் பார்த்தார். வெளியே வந்து சாவியைக் கொடுத்தபோது லாரிக்காரர் இரண்டாவது டீயில் இருந்தார். "இந்த டப்பாவுக்காண்ணே இவ்ளோ நேரம்?" என்றார்.