செலவில்லா நாள்: குடும்பக் கணக்கில் ஒரு பாடம்

குடும்பச் செலவைக் குறைப்பது எப்படி என்னும் கேள்விக்கு, வீண் செலவு செய்யாதிருங்கள் என்று விடை கூறுவது எளிது. ஆயின், எது வீண் செலவு என்பதில் ஒரே வீட்டில் வாழும் கணவனும் மனைவியும் ஒத்த கருத்துடையவராயிருப்பது அரிது. ஒவ்வொரு செலவையும் தனித்தனியே நிறுத்தி விசாரித்தால், ஒவ்வொன்றும் தனக்குரிய நியாயத்தைச் சொல்லிக்கொள்ளும். ஆகையால், செலவுகளை விசாரிப்பதை விடுத்து நாள்களை வரையறுத்துக்கொள்ளும் முறை ஒன்றை நம் அங்கத்தினர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். வாரத்தில் இரண்டு நாள்களை முன்னதாகவே குறித்துக்கொண்டு, அந்நாள்களில் கையிலிருந்து ஒரு காசும் வெளியே போகாமல் குடும்பத்தை நடத்துவதே அம்முறை. இதனைச் செலவில்லா நாள் என்போம். அன்று பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. வீட்டில் உள்ளதைச் சமைத்து உண்டு, வழக்கம்போல் தறியிலோ வயலிலோ வேலை செய்வதுதான்.

இது புதிய முறை என்று எவரும் எண்ண வேண்டா. வாரச் சந்தை கூடிய ஊர்களில் நம் முன்னோர் சந்தை நாளன்று ஒரு வாரத்துக்கு வேண்டிய உப்பு, புளி, மிளகாய், கருவாடு, காய்கறி ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, எஞ்சிய நாள்களில் பெரும்பாலும் சுருக்குப்பையை அவிழ்க்காமலே காலம் கழித்தனர். அதற்கு அவர்களுடைய மனவுறுதி மட்டும் காரணமன்று. வாங்குவதற்குக் கடை அருகில் இல்லை என்பதே பெரிய காரணம். இப்பொழுதோ தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது. எண்ணெய், சோப்புத்தூள், ஷாம்பு, காப்பித்தூள் யாவும் ஒரு வேளைக்கு உரிய பொட்டலமாகக் கயிற்றில் தொங்குகின்றன. போதாக்குறைக்கு, 2016-ஆம் ஆண்டில் யுபிஐ முறை வந்த பின்னர், கைப்பேசியைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. ரூபாய் நோட்டைப் பிரித்துக் கொடுக்கும்போது மனத்தில் எழும் சிறு தயக்கமும் இதில் இல்லை. முன்னோர்க்குத் தூரம் செய்துகொடுத்த உதவியை நாம் நாட்குறிப்பினால் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

நெசவுக் குடும்பத்துக்கு இம்முறை ஏன் இன்றியமையாதது என்பதைப் பார்ப்போம். மாதச் சம்பளக்காரருக்கு எல்லா மாதமும் ஒன்றே. நெசவாளருக்கு அப்படியன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்தால் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாது. போட்டாலும் உலராது. குழித்தறியில் ஈரம் ஊறும். நூல் ஈரத்தை வாங்கி இழை அறுபடும். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி என்றிருக்க, அறுக்கும் நாள் தள்ளிக்கொண்டே போகும். தீபாவளியும் அக்காலத்திலேயே வருகிறது. அந்த ஆறு வாரங்களில் ஏற்படும் பணமுடைதான் நம் அங்கத்தினர் பலரைக் கடனுக்கு அனுப்புகிறது.

அக்கடனின் விலை யாது? வெளியில் ஐந்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வீதம், ரூ. 4,000 வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் ரூ. 200 வட்டி. ஆறு மாதத்தில் ரூ. 1,200 கொடுத்த பின்னும் முதல் ரூ. 4,000 அப்படியே நிற்கும். இத்தகைய வட்டியைத் தடுப்பதற்காகத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், அடுப்பு எரிய வேண்டிய அவசரத்தில் சட்டத்தை நினைப்பவர் சிலரே. வட்டிக்கு வாங்காதவர் தனி முதலாளியிடம் முன்பணம் வாங்குகின்றனர். முன்பணம் வாங்கியவர் அவருடைய பாவையே நெய்ய வேண்டும், அவர் சொல்லும் கூலிக்கே நெய்ய வேண்டும். சங்கத்தின் பாவு வீட்டுத் தறியிலிருந்து இறங்குவது பெரும்பாலும் இப்படித்தான். ரூ. 4,000 இல்லாமற்போனதால் ஓர் அங்கத்தினர் தம் தறியின் சுதந்திரத்தையே இழக்கிறார்.

அந்த ரூ. 4,000-ஐச் செலவில்லா நாள்களால் சேர்க்க முடியுமா என்று கணக்கிடுவோம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பம் ஒன்றில், மளிகை, பால், பள்ளிச் செலவு ஆகிய ஒதுக்கீடுகள் போக, நாள்தோறும் உதிரியாகப் போகும் பணம் இது: கடைத் தேநீரும் வடையும் ரூ. 40, குழந்தைகளின் தின்பண்டம் ரூ. 20, வெற்றிலை பாக்கு ரூ. 20, மாலையில் கடையில் வாங்கும் சில்லறைச் சாமான் ரூ. 50. ஆக ரூ. 130. வாரம் இரண்டு நாள் இச்செலவை நிறுத்தினால் ரூ. 260 மிச்சம் என்று மகிழ்ந்துவிடலாகாது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகின்றனர். இன்று வாங்காத சில்லறைச் சாமானை நாளை வாங்கத்தான் போகிறோம். அது குறைந்த செலவன்று, தள்ளிப்போட்ட செலவு. ஆகவே ரூ. 50-ஐக் கழிக்க வேண்டும். கடையில் குடிக்காத தேநீரை வீட்டில் குடித்தால் பாலும் சர்க்கரையும் செலவாகும். அதற்கு ரூ. 20 கழிப்போம். உண்மையான மிச்சம் ரூ. 60 மட்டுமே. ஒரு வாரத்துக்கு ரூ. 120. தை மாதம் முதல் புரட்டாசி முடிய, திருவிழாவும் விருந்தும் வந்த வாரங்களை விலக்கி, 35 வாரங்கள் என்று கொண்டால் ரூ. 4,200. மழைக்காலக் கடனுக்கு ஈடான தொகை இது. அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுத் தொகையை இட்டு இவ்வாறே கணக்கிட்டுப் பார்க்கலாம். தள்ளிப்போட்ட செலவை மிச்சத்தில் சேர்க்காமலிருப்பதே இக்கணக்கின் உயிர்.

செலவைத் தள்ளிப்போடுவதிலும் மோசமானது ஒன்று உண்டு. கையில் காசு கொடுக்காமல் கடைக்காரரின் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, இன்று செலவில்லா நாள் என்று பெருமைப்பட்டுக்கொள்வது அது. நோட்டில் எழுதுபவர் விலை கேட்பதில்லை, எடையும் பார்ப்பதில்லை. வேறு கடைக்குப் போகவும் அவரால் இயலாது. இந்த உண்மையை நன்குணர்ந்தவர்கள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து முன்னோடிகள். 1844-ஆம் ஆண்டில் அங்கே 28 பேர் கூடிக் கூட்டுறவுப் பண்டசாலை ஒன்றைத் திறந்தனர். அவர்களுள் நெசவுத் தொழிலாளரும் இருந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி என்னும் மிகச் சில சரக்குகளே அப்பொழுது அவர்களிடம் இருந்தன. எனினும் ரொக்கத்துக்கே விற்பது, கடனுக்கு விற்பதில்லை என்பதை அவர்கள் தங்கள் விதிகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டனர். கடன் நோட்டில் கட்டுண்ட தொழிலாளியால் கூட்டுறவுக் கடைக்கு வர முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். 1904-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் ராச்டேல் முறையைப் பின்பற்றி எழுந்ததே. ஆகவே, கடைக்காரர் நோட்டில் பாக்கி உள்ளவர்கள் முதலில் அதைத் தீர்க்கட்டும். செலவில்லா நாளின் மிச்சம் முதல் சில மாதங்களுக்கு அந்த நோட்டுக்கே போகட்டும்.

இனி, எதைக் குறைக்கலாகாது என்பதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தையின் பால், முட்டை, நோயாளியின் மருந்து, பள்ளிக்குச் செல்லும் பேருந்துக் கட்டணம் ஆகியவை எந்நாளிலும் நிற்கக் கூடாது. மருத்துவமனைக்கு விரைய வேண்டிய வேளையில் நாட்காட்டியைப் பார்ப்பது மடமை. அன்றியும், சிக்கனம் என்றவுடன் பல வீடுகளில் முதலில் சுருங்குவது இல்லத்தரசியின் உணவுதான். எல்லாருக்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்டு, எனக்குப் போதும் என்று அவர் எழுந்துவிடுவார். அதனைச் சிக்கனம் என்று கொள்ள நாம் உடன்படோம். செலவில்லா நாள் சமையலறையில் தொடங்கலாகாது. தேநீர்க் கடை வாசலில் தொடங்க வேண்டும். கடைத் தேநீரில் அரை மணி நேரப் பேச்சும் சேர்ந்திருக்கிறது என்பதை அறிவோம். அப்பேச்சைத் திண்ணையில் வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை.

முன்னேற்பாடின்றி இந்நாள் வெற்றி பெறாது. முதல் நாள் இரவே அஞ்சறைப்பெட்டி, எண்ணெய், தீப்பெட்டி ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். தாளிக்கக் கடுகு இல்லை என்று ஒரு முறை கடைக்குப் போனால், கடுகோடு வேறு இரண்டு பொருள்களும் வீட்டுக்கு வரும். கோடையில் இட்ட வற்றலும் வடகமும், கொல்லையில் உள்ள முருங்கைக் கீரையும் அந்நாளின் குழம்புக்குப் போதும். நியாய விலைக் கடையில் அந்த மாதத்துக்குரிய சரக்கை விடாமல் வாங்கி வைத்துக்கொள்வது பாதி ஏற்பாட்டுக்குச் சமம். மொத்தமாக வாங்குவது எப்பொழுதும் மலிவு என்று நம்பிவிடவும் வேண்டா. அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றில் அது பெரும்பாலும் மெய். ஷாம்பு போன்றவற்றிலோ, பல வேளைகளில் சிறு பொட்டலமே மில்லி கணக்கில் மலிவாயிருக்கக் காணலாம். அளவையும் விலையையும் வகுத்துப் பார்த்தபின் வாங்குவதே முறை.

இட்லி மாவைக் கடையில் வாங்கலாமா, வீட்டில் அரைக்கலாமா என்று கேட்போர் உண்டு. தறியில் அமரும் பெண், மாவரைக்க ஒரு மணி நேரம் தறியை விட்டு எழ வேண்டுமானால், அந்த ஒரு மணி நேரத்துக் கூலியைக் கணக்கில் எடுக்க வேண்டும். கூலி மிகுதியாயின் கடை மாவே இலாபம். அதனைச் செலவில்லா நாளுக்கு முந்திய நாள் வாங்கி வைத்தால் போயிற்று. மழை நாளில் தறி நிற்கும்போது வீட்டில் அரைக்கட்டும்.

எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது? கூலி வாங்கும் நாளையும் சந்தை நாளையும் விலக்கிவிடுக. கையில் பணம் புதிதாய் இருக்கும் நாளில் இவ்விரதம் நிற்பதில்லை. சந்தைக்கு மறுநாள் மிக ஏற்றது. வீட்டில் காய்கறி இருக்கும், மனத்திலும் வாங்கும் விருப்பம் தணிந்திருக்கும். அடுத்தடுத்து இரண்டு நாள்களைக் கொள்வதைவிட நடுவில் இடைவெளி விடுவது நலம். அன்று ஒரு முறை தவறிவிட்டால், வாரத்தின் வேறொரு நாளை மாற்றிக்கொள்ளலாம். தினசரிக் காலண்டரில் வெற்றி பெற்ற நாளைச் சுற்றி ஒரு வட்டம் போடும் வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தால், அவர்களே மேற்பார்வையாளராகிவிடுவர். அவர்களிடம் தப்புவது கடினம்! ஜப்பான் நாட்டில் 1904-ஆம் ஆண்டில் ஹானி மோட்டோகோ என்னும் பெண் பத்திரிகையாளர் குடும்பக் கணக்குப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அவ்வகைப் புத்தகங்கள் இன்றளவும் அங்கே வழக்கத்தில் உள்ளன. நமக்குக் காலண்டர் தாளும் பென்சிலும் போதும். கைப்பேசியில் பணம் செலுத்துவோர்க்கு ஓர் அனுகூலமும் உண்டு. மாத முடிவில் எங்கே, எவ்வளவு போயிற்று என்பதை அதுவே வரிசையாகக் காட்டும். அதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

விவசாய அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதை, உரம், களையெடுப்புக் கூலி ஆகியவை வயலின் செலவுகள். அவற்றை வீட்டுக் கணக்கில் கலந்து, இன்று செலவில்லா நாளாயிற்றே என்று களையெடுப்பை ஒத்திப்போட்டால் மகசூலில் இழப்போம். நெசவாளருக்கு நூலும் சாயமும் அத்தகையனவே. மல்லிகை பயிரிடுவோர்க்குப் பறிப்புக் காலத்தில் நாள்தோறும் பணம் புரளும். அவர்கள் வாரம் மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். பனிக்காலத்தில் பூ குறையும்போது அது கைகொடுக்கும். நெல் விளைவிப்போர்க்கு அறுவடைப் பணம் ஒரே தடவையாக வருகிறது. அவர்கள் நாள் கணக்குக்கு முன்னதாக, அடுத்த அறுவடை வரை மாதம் இவ்வளவு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பிரித்த பின்னர் செலவில்லா நாள் பயன்படும். பிரிக்காதவருக்கு அது பயன்படுவது அரிது.

மிச்சப்பட்ட பணம் அன்று இரவே கையைவிட்டு நீங்க வேண்டும். சட்டைப்பையில் கிடந்தால் மறுநாள் அது வடையாகிவிடும். ரூ. 60-ஐ உண்டியலில் இட்டு, மாதம் ஒரு முறை திறந்து, சங்கத்தில் வைப்புக் கணக்கு வசதி இருந்தால் அங்கும், இல்லையேல் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலும் கட்டிவிடலாம். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கு உரியது. ஐப்பசியில் எடுக்க வேண்டிய பணத்துக்கு அது ஏற்றதன்று. தீபாவளிச் சீட்டுப் பிடிப்போர் அழைப்பர். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாத சீட்டில் இப்பணத்தைப் போடலாகாது. சங்கத்தில் கூலியிலிருந்து பிடித்தம் செய்யப்படும் சேமிப்பு வேறு, இது வேறு. அதனை மழைக்காலத்துக்கென்று எடுக்க நினைக்க வேண்டா.

ஐப்பசி பிறந்ததும் இப்பணத்திலிருந்து முதலில் இரண்டு மாத மளிகையை வாங்கிவிட வேண்டும். எரிவாயுவுக்கு உரியதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். தீபாவளித் துணிக்கு எஞ்சியதில் எவ்வளவு என்பதை அதற்குப் பிறகே பேச வேண்டும். தை மாதம் தொடங்காதவர்கள் இந்த வாரமே ஒரு நாளில் தொடங்கலாம். வாரம் ஒரு நாளானால் தொகை பாதியாகும். ரூ. 2,000 குறைவாகக் கடன் வாங்கினாலும், மேற்சொன்ன வட்டிக் கணக்கில் மாதம் ரூ. 100 வீட்டிலேயே தங்கும்.