பாதி விலைக்கு வந்த ஐடி பங்கு

கேள்வி: பாதி விலைக்கு இறங்கிவிட்ட ஐடி பங்கை இப்போது வாங்கலாமா? – வாசகர், சென்னிமலை

பதில்: விலை இறங்கியது மட்டும் காரணமாகாதுங்க. ஏன் இறங்கியது என்று பாருங்கள். 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று சத்யம் ஐடி கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டார். சுமார் 179 ரூபாய்ப் பங்கு அன்றே 40-க்கு வந்தது. மலிவு என்று அள்ளியவர்கள், 9-ம் தேதி அது 20-க்கும் கீழே போனதைப் பார்த்தார்கள். 2013 ஏப்ரல் 12 அன்று இன்ஃபோசிஸும் 21 சதவீதம் விழுந்தது. ஆனால் கடனில்லாத கம்பெனி, எழுந்துவிட்டது.

உங்கள் சென்னிமலைப் பெட்ஷீட்டில் நூலைப் பார்ப்பதுபோல ஆண்டறிக்கையைப் பாருங்கள்: லாபம் ரொக்கமாக வந்ததா, புரமோட்டர் பங்கு அடகில் இருக்கிறதா? தேறினால், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். தறிக் கடனுக்கும் நூல் பாக்கிக்கும் வைத்த பணத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள்.