தேளுக்கு உண்ணி பிடித்தபோது

இரவு பத்தரை மணிக்குப் புறஊதா டார்ச்சை அடித்தேன். கருப்பாயி வழக்கம்போல் நீலப்பச்சையாக ஜொலித்தாள். தேளின் ஓட்டில் இயல்பாகவே இருக்கும் வேதிப்பொருள்கள் தரும் ஒளி அது. ஆனால் அன்றைக்கு அந்த ஒளிக்கு நடுவில் ஊசியால் குத்தியது மாதிரி இருட்டுப் புள்ளிகள் தெரிந்தன. கடைசிக் கால் உடம்போடு சேரும் இடத்தில் ஏழெட்டு, வாய்க்குப் பக்கத்தில் நாலைந்து.

சாதாரண டார்ச்சையும் லென்ஸையும் எடுத்துவந்து கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தேன். கறுத்த ஓட்டின் மேல், ரவையைவிடச் சின்னதாய், வெளிறிய வெள்ளையில் உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று மெல்ல நகர்ந்தது. சிற்றுண்ணி. தேள் வளர்ப்பவர்கள் 'மைட்ஸ்' என்று சொல்வது இதைத்தான்.

கருப்பாயி ஒரு எம்பரர் தேள். கானா, டோகோ, நைஜீரியா பக்கத்து மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளின் இனம். வளர்ந்தால் 20 செ.மீ. வரை வரும். நம்மூர் நட்டுவாக்காலிக்குச் சொந்தக்காரி, இரண்டும் ஒரே குடும்பம். நான் இருக்கும் லண்டனில் இதை வளர்க்க உரிமம் தேவையில்லை. கொடிய விஷமுள்ள பல தேள்கள் அடங்கிய புத்திடே குடும்பத்துக்கு 1976ஆம் ஆண்டின் ஆபத்தான வனவிலங்குச் சட்டப்படி உரிமம் வேண்டும். எம்பரரின் கொட்டு பெரும்பாலும் தேனீ கொட்டியது போலத்தான் என்பார்கள். ஆனாலும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவும் ஆபத்துதான்.

அந்த இரவு தொடங்கி ஒன்றரை மாதம் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே புள்ளிகளை முதல்முறை பார்த்துப் பதறுகிற ஒருவருக்காவது உதவும்.

முதலில் எது என்று பாருங்கள்

பெட்டியில் ஊர்வதெல்லாம் எதிரி இல்லை. வெள்ளையாக, நீளவாக்கில் இருந்து, குச்சியால் சீண்டினால் துள்ளிக் குதித்தால் அது ஸ்பிரிங்டெயில். ஆறு கால். பூஞ்சையைத் தின்று மண்ணைச் சுத்தமாக வைக்கும் நண்பன். அதைக் கொல்லாதீர்கள்.

உருண்டையாக, வெளிறிய நிறத்தில், மெதுவாக நகர்ந்து, செத்த சுவர்க்கோழியின் மேலும் ஈரமான மூலைகளிலும் மொய்த்தால் அது தானியச் சிற்றுண்ணி. அரிசி, தவிட்டில் வருகிற அதே கூட்டம். பூஞ்சையும் அழுகலும்தான் இதற்குச் சாப்பாடு, தேளின் ரத்தம் இல்லை. பிறகு ஏன் தேள்மேல் ஏறுகிறது? இடம் போதாமல் நெருக்கடி வரும்போது இந்த உண்ணிகள் வளர்ச்சியின் நடுவில் ஒரு பயணப் பருவத்துக்குப் போகும். அப்போது அவை எதையும் தின்பதில்லை. நடந்துபோகும் ஏதோ ஒரு உயிரின் மேல் தொற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகக் காத்திருக்கும். கருப்பாயியின் காலிடுக்கில் இருந்தவை இந்தப் பயணிகள்.

மூன்றாவது வகைதான் உண்மையான ஒட்டுண்ணி. பெரும்பாலும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம். கணுக்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தோலில் வாயைப் புதைத்து உறிஞ்சும். காட்டில் பிடித்துக் கொண்டுவந்த தேள்களில்தான் அதிகம் வரும். இதைக் கண்டால் ஒவ்வொன்றாக எடுத்தே ஆக வேண்டும்.

பயணிகள் தின்னாவிட்டாலும் கூட்டம் பெருகினால் கெடுதல் உண்டு. தேளின் அடிவயிற்றில் பக்கத்துக்கு நான்காக எட்டுச் சிறு துளைகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் புத்தக நுரையீரலுக்கு அவைதான் வாசல். உண்ணிகள் அந்த வாசலிலும் வாயிலும் மண்டினால் மூச்சும் தீனியும் தடைபடும். இன்னொன்று: குட்டித் தேள் தோலுரிக்கும்போது உண்ணிகளும் பழைய தோலோடு போய்விடும். முழு வளர்ச்சி அடைந்த தேள் அதற்குப் பிறகு தோலுரிப்பதே இல்லை. கருப்பாயிக்கு அந்த வழி அடைத்துவிட்டது.

நான் செய்த தவறு

முதல் மூன்று நாள் தேளையே துடைத்தேன். தினமும் பிடித்து, தூரிகையால் தட்டி, திரும்பப் பெட்டியில் விட்டேன். மறுநாள் இரவு பார்த்தால் அதே எண்ணிக்கை. நாலாம் நாள் அவள் தீனியைத் தொடவில்லை. என்னைக் கண்டதும் இடுக்கிகளை விரித்து, வாலைத் தூக்கினாள். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் அப்படி நின்றதே இல்லை. நான் அவளைத் துன்புறுத்திக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சமயம் அம்மா உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தார்.

"ஏய்யா, மாட்டுக்கு உண்ணி புடிச்சா வேப்பெண்ணெயத் தடவுவோம்ல. இதுக்கும் ரெண்டு சொட்டு விட்டா என்ன?"

"வேணாம்மா. இது வயித்துல இருக்குற துளை வழியாத்தான் மூச்சு விடும். எண்ணெ பட்டா அடைச்சுக்கும்."

அம்மா கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மொதல்ல வீட்டக் காய வையி. தொழுவம் நசநசன்னு கெடந்தா உண்ணி மண்டாம என்ன செய்யும்?"

மரப்பட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் அரைகுறையாய்த் தின்ற ஒரு சுவர்க்கோழியின் தொடை. மேலே மாவு தூவியது மாதிரி இருந்தது. லென்ஸை வைத்தால் அந்த மாவு முழுக்க அசைந்தது.

அம்மா சொன்னது அப்படியே சரி. குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்திவிடுகிறதே என்று நான்தான் பெட்டியின் காற்றுத் துளைகளில் பாதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வந்தேன். ஈரம், அசையாத காற்று, அழுகும் மிச்சம். மூன்றும் சேர்ந்தால் உண்ணிக்கு இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை எழுந்துவிடும்.

ஏழு நாள் வைத்தியம்

கருப்பாயியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். சுற்றிலும் நிறையத் துளை, தரையில் வெள்ளைக் கிச்சன் டவல், ஒளிந்துகொள்ள வேகவைத்துக் காயவைத்த மரப்பட்டைத் துண்டு ஒன்று, ஒரு மூடியில் குடிக்கத் தண்ணீர். அறையின் வெப்பம் 25 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

தானியச் சிற்றுண்ணியின் உடம்புக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு. காற்று காய்ந்தால் அது வற்றிப்போகும். தேளின் ஓட்டில் மெழுகுப் பூச்சு உண்டு, அதனால் அது தாங்கும். இந்த வித்தியாசம்தான் நமக்கு ஆயுதம். எம்பரர் மழைக்காட்டு இனம் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் நீட்டக்கூடாது, தண்ணீர் மூடியை எடுக்கவும் கூடாது. பாலைவனத் தேளென்றால் கவலை குறைவு.

டவலைத் தினமும் மாற்றினேன். வெள்ளைத் தாளில் என்ன விழுந்தாலும் தெரியும். பழைய தாளைப் பையில் கட்டி உடனே வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.

இடையில் ஒரே ஒரு முறைதான் தேளைத் தொட்டேன். வாய்ப்பக்கம் இருந்ததை விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். மனைவி ஒரு மென்மையான ஸ்பாஞ்சால் அவளை டப்பாவின் ஓரமாக அழுத்தாமல் அணைத்துப் பிடித்தாள். நான் நுனியில் ஸ்பாஞ்ச் சுற்றிய நீண்ட ஃபோர்செப்ஸால் கொடுக்குக்குச் சற்றுக் கீழே வாலைப் பிடித்துக்கொண்டு, படம் வரையும் மெல்லிய தூரிகையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து உள்ளிருந்து வெளிப்பக்கமாக நீவினேன். தூரிகையில் ஒட்டி வந்ததை ஒவ்வொரு முறையும் டிஷ்யூவில் துடைத்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டன. காலிடுக்கில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். மூச்சுத் துளைகளுக்குப் பக்கத்திலும், அடிவயிற்றில் சீப்பு மாதிரி இருக்கும் உணர்வுறுப்பிலும் தூரிகை படவே கூடாது. தோலுரித்து ஓடு இறுகாத தேளையும், முதுகில் குட்டிகளைச் சுமக்கும் தாயையும் இப்படித் தொடவே வேண்டாம்.

அதே வாரத்தில் பெரிய பெட்டியைக் காலி செய்தேன். பழைய மண்ணைக் கட்டி எறிந்தேன். கண்ணாடியைக் கொதிநீரால் கழுவி, மூலைகளை டூத்பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு நாள் காயவிட்டேன். மரப்பட்டையை அரைமணி நேரம் கொதிக்க வைத்தேன். புது மண்ணுக்குக் கோகோபீட் கட்டி, நம் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவில் செய்கிற அதே கட்டிதான். அதில் கொதிநீரை ஊற்றி ஆறவைத்து, கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டுக்கூட விழாத பதத்துக்குக் கொண்டுவந்து, 12 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினேன்.

உண்ணியைத் தின்னும் உண்ணி

எவ்வளவு கழுவினாலும் தேளின் மேல் சில பயணிகள் மிச்சம் இருக்கிறார்கள். அவர்கள் இறங்கி மறுபடி குடும்பம் நடத்துவார்கள். அதற்குத்தான் வேட்டைச் சிற்றுண்ணி. ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் சிமிட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். முன்பு ஹைப்போஆஸ்பிஸ் மைல்ஸ் என்று விற்றார்கள், சில கடைகளில் இன்னும் அந்தப் பெயரே இருக்கும். தொட்டிச் செடி மண்ணில் வரும் கொசு போன்ற பூச்சிகளின் புழுவை ஒழிக்கத் தோட்டக்காரர்கள் வாங்குவது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, பழுப்பு நிறம், விறுவிறுவென்று ஓடும். மண்ணின் மேலடுக்கில் வாழ்ந்து, தானிய உண்ணியையும் அதன் முட்டையையும் தின்னும். தேளை ஒன்றும் செய்யாது. இரை தீர்ந்தால் தானே குறைந்து இல்லாமல் போகும்.

தபாலில் வந்த அன்றே மண்மேல் தூவிவிட வேண்டும், வைத்திருந்தால் செத்துவிடும். கருப்பாயி வீடு திரும்பிய அன்று மாலை தூவினேன். முதல் வாரம் மாற்றம் தெரியவில்லை. மூன்றாம் வாரம், உண்ணி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க மூலையில் வைத்த உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு வெள்ளை உண்ணிகூட ஏறவில்லை. ஆறாம் வாரம் புறஊதா வெளிச்சத்தில் கருப்பாயியின் உடம்பு முழுக்க ஒரே நீலப்பச்சை. அன்று அவள் சுவர்க்கோழியை ஓடிப்போய்ப் பிடித்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

திரும்ப வராமலிருக்க

இப்போது நான் கடைப்பிடிப்பவை இவை:

- தீனி போட்ட மறுநாள் காலை மிச்சத்தைத் தேடி எடுத்துவிடுவேன். மரப்பட்டைக்கு அடியிலும் பார்ப்பேன். வளர்ந்த எம்பரருக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு சுவர்க்கோழி போதும்.

- சுவர்க்கோழி வரும் டப்பாவின் தவிட்டை ஒருபோதும் பெட்டியில் கொட்ட மாட்டேன். உண்ணி வீட்டுக்குள் நுழையும் பெரிய வாசல் அதுதான். அவற்றை வேறு டப்பாவுக்கு மாற்றி, தவிட்டை அன்றே எறிந்துவிடுவேன். அந்த டப்பாவைத் தேள் இருக்கும் அலமாரியில் வைப்பதில்லை.

- தண்ணீரை மேலே தெளிப்பதில்லை. ஒரு மூலையில் செருகிய குழாய் வழியாக அடிமண்ணுக்கு ஊற்றுகிறேன். அடி ஈரமாக, மேல்பரப்பு உலர்ந்து இருக்கும். தேள் குழி தோண்டித் தனக்கு வேண்டிய ஈரத்தைத் தேடிக்கொள்ளும்.

- காற்றுத் துளைகளை மூடுவதில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் துளை இருந்தால் காற்று ஓடும்.

- தண்ணீர்க் கிண்ணத்தில் பஞ்சோ ஸ்பாஞ்சோ வைப்பதில்லை. அது அழுகி உண்ணிக்குப் பண்ணையாகிவிடும். இரண்டு கூழாங்கல் போட்டால் போதும்.

- மாதம் ஒருமுறை இரவில் ஒரு உருளைக்கிழங்குத் துண்டை வைத்து, காலையில் லென்ஸில் பார்க்கிறேன். பத்துக்கு மேல் உண்ணி இருந்தால் தண்ணீரைக் குறைக்கிறேன். துண்டை உறையவைத்து எறிகிறேன்.

- பெட்டியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வாஸ்லைன் கோடு. பக்கத்துப் பெட்டிக்கு உண்ணி நடந்துபோகாது.

- புதிதாக வரும் தேளை ஒரு மாதமாவது தனி அறையில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றின் பக்கம் கொண்டுபோகிறேன்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்: உண்ணி மருந்து அடிப்பது. உண்ணியும் தேளும் ஒரே வகுப்பு, எட்டுக்கால் கூட்டம். உண்ணியைக் கொல்லும் மருந்து தேளையும் கொல்லும். நாய்க்கும் பூனைக்கும் கழுத்தில் விடும் சொட்டு மருந்தைத் தொட்ட கையோடு பெட்டியைத் திறப்பதுகூட ஆபத்து. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள்.

தேள் தீனியை விட்டு, காலை இழுத்து நடந்து, தண்ணீர்க் கிண்ணத்திலேயே படுத்துக் கிடந்தால் அயல் விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

இதைப் படித்துவிட்டு ஊரில் கல்லுக்கடியில் இருக்கும் நட்டுவாக்காலியைப் பிடித்து வளர்க்க யாரும் புறப்பட வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். செந்தேளின் பக்கம் போகவே போகாதீர்கள், அதன் கொட்டு குழந்தைகளின் உயிரைப் பறிக்கும். எம்பரருக்கும் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு உண்டு. பண்ணையில் பிறந்த குட்டியா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே வீட்டில் ஒரு தேள் இருந்து, அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் தூரிகையைத் தேடி ஓடாதீர்கள். மரப்பட்டையைத் தூக்கிப் பாருங்கள்.