கொலுவுக்கு ஒரு காகிதப் பொம்மை

கேள்வி: எட்டு வயது மகள் கொலுவுக்குத் தானே காகிதக்கூழ் பொம்மை செய்ய ஆசைப்படுகிறாள். எப்படித் தொடங்குவது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: அருமையான ஆசை, விட்டுவிடாதீர்கள்! தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குக் காகிதக்கூழோடு மரவள்ளி மாவும் மயில்துத்தமும் சேர்ப்பது வழக்கம். துத்தம் பூச்சி அரிக்காமல் காக்கும். ஆனால் அது நஞ்சு, பிள்ளைகள் கைக்கு வேண்டவே வேண்டாம். மரவள்ளி மாவு நமக்குச் சேலம், நாமக்கல்லிலிருந்தே வருகிறது. கிடைக்காவிட்டால் மைதா. பசை காய்ச்ச, ஒரு பங்கு மாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஐந்து பங்கு கொதிநீரில் ஊற்றிக் கிளறுங்கள். அடுப்பு வேலை உங்களுடையது. ஒரு கரண்டி உப்புப் போட்டால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது.

முதல் முயற்சிக்குக் கூழ்கூட வேண்டாம், செய்தித்தாள் துண்டுகள் போதும். கத்தரிக்கோல் வைக்காமல் கையால் கிழிக்கட்டும். கிழிந்த ஓரம்தான் மடிப்புத் தெரியாமல் படியும். வழவழப்பான தாள் பசையை உறிஞ்சாது. எண்ணெய் தடவிய கிண்ணத்தைக் கவிழ்த்து, இரண்டு அடுக்கு ஒட்டிக் காயவிட்டு, பிறகு அடுத்த இரண்டு. மொத்தமாக அப்பினால் உள்ளே ஈரம் தங்கிவிடும். அப்படி இரண்டு கிண்ணங்களைச் சேர்த்து ஒட்டினால் பொம்மைத் தலை தயார்.

கொலு புரட்டாசியில்தான் என்று காத்திருக்காதீர்கள். ஆனி, ஆடிச் சாரலில் உங்கள் ஊரில் எதுவும் காயாது. சித்திரை வெயிலிலேயே ஒட்டி முடித்துவிடுங்கள். வண்ணம் நிதானமாகப் பூசலாம்.