பழைய இயங்குதளத்திற்குத் திரும்பலாமா?

ஊராட்சியின் வரவு செலவு இன்று பேரேட்டில் மட்டும் அடங்குவதன்று. 24-4-2020 அன்று தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் முறையில், கணக்கு எழுதுவதும் பணம் வழங்குவதும் கணினி வாயிலாகவே நடைபெறுகின்றன. ஆகவே கணினி தடுமாறினால் ஊர்ப்பணியும் தடுமாறும். “புதிய விண்டோஸ் போட்ட பின்னர் வேலை மந்தமாகிவிட்டது; பழையதற்கே மாற்றிவிடலாமா?” என்னும் வினா அலுவலகங்களிலும் வீடுகளிலும் எழுகின்றது. அதற்கு விடை காணும் முறையை ஆராய்வோம்.

இயங்குதளம் என்பது யாது?

வண்டியும் மாடும் நல்லனவாயினும், ஓட்டுபவன் இன்றேல் பாரம் ஊர் போய்ச் சேராது. கணினியில் அவ்வேலையைச் செய்வது இயங்குதளம். நினைவகம், விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகிய யாவற்றையும் இணைத்து வேலை வாங்குவது அதுவே. நம்மிடையே மிகுதியாக வழங்குவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் ஆகும்.

பழையதில் உள்ள இடர்

வரப்பில் நண்டு துளைத்த வளையை அவ்வப்போது அடைக்காவிடில் வயல் நீர் வடிந்துவிடும். இயங்குதளத்திலும் இத்தகைய ஓட்டைகள் தோன்றுகின்றன. அவற்றை நிறுவனம் திருத்தங்கள் அனுப்பி அடைக்கின்றது. குறித்த நாளுக்குப்பின் அவ்வுதவி நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 8-4-2014 அன்றும், விண்டோஸ் 7க்கு 14-1-2020 அன்றும், விண்டோஸ் 10க்கு 14-10-2025 அன்றும் பொதுவான உதவி முடிவுற்றது.

அடைக்காத ஓட்டையின் விளைவை 12-5-2017 அன்று பரவிய ‘வான்னாக்ரை’ காட்டியது. ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்து, அது பணம் கேட்டது. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. அதனை ஏற்காத கணினிகளே பெரிதும் சிக்கின. ஊர்ப்பணம் கையாளும் கணினியை விண்டோஸ் 7க்குத் திருப்புவது, கதவைக் கழற்றிவிட்டுக் களஞ்சியத்தில் நெல் கொட்டுவதை ஒக்கும்.

குறை எங்கே உள்ளது?

திரும்புவதற்கு முன் நோயின் மூலத்தை அறிதல் வேண்டும்.

1. அச்சுப்பொறியோ மின் கையொப்பக் கருவியோ மட்டும் இயங்கவில்லையெனில், குற்றம் இயங்குதளத்தினுடையதாக இராது. அக்கருவிக்குரிய புதிய இயக்கி மென்பொருளை நிறுவினால் பெரும்பாலும் சரியாகும்.

2. பழைய வானவில் எழுத்துருவில் அடித்த தமிழ் ஆவணங்கள் குறிகளாகத் தோன்றினால், அவ்வெழுத்துருவை மீண்டும் நிறுவினால் போதும். இதற்காகப் பின்னோக்கிச் செல்ல வேண்டுவதில்லை.

3. கணினி முழுவதுமே மந்தமாயின், அதன் தகுதியைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, ஏற்கப்பட்ட செயலி ஆகியவை தேவை. தகுதி இருந்தும் மந்தமாயின், பழைய ஹார்டு டிஸ்கிற்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்துவது நற்பயன் தரும்.

எப்பொழுது திரும்பலாம்?

தகுதியற்ற கணினியில் விண்டோஸ் 11 வலிந்து புகுத்தப்பட்டிருப்பின், விண்டோஸ் 10க்குத் திரும்புதல் முறையே. ஆயின் நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். வீட்டுக் கணினிகளுக்கு இது 13-10-2026 வரை என 2025இல் அறிவிக்கப்பட்டது. நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி 3 ஆண்டுகள் வரை பெறலாம். பழையதன் மேலேயே புதியதை ஏற்றியிருந்தால், முதல் 10 நாள்களுக்குள் அமைப்புப் பக்கத்திலிருந்தே கோப்புகள் கெடாமல் திரும்ப இயலும். அதன் பின்னர் முழுவதும் அழித்தே நிறுவ நேரும்.

மற்றொரு வழியும் உண்டு. தரமணி டைடல் பூங்காவில் இயங்கும் சி-டாக் சென்னை மையம், லினக்ஸ் அடிப்படையிலான ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கியுள்ளது. இது இலவசமாகக் கிடைக்கிறது; தமிழிலும் பயன்படுத்தலாம். நந்தனத்திலுள்ள எல்காட் நிறுவனத்தின் வாயிலாக 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகள் உழவர் இல்லங்களில் முடங்கிக் கிடப்பின், அவற்றிற்கும் லினக்ஸை முயன்று பார்க்கலாம். பென்டிரைவிலிருந்தே இயக்கிச் சோதித்து, மின் கையொப்பமும் அச்சும் இயங்குவதைக் கண்ட பின்னரே நிறுவுதல் நன்று.

செய்ய வேண்டுவன

மாற்றத்திற்கு முன் வரிப்பதிவேடு, புகைப்படங்கள், எழுத்துருக்கள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்கில் படியெடுத்து, அது திறக்கிறதா எனப் பார்க்க. உரிமமற்ற நகலை எவர் இலவசமாகத் தந்தாலும் ஏற்கற்க. ரிச்சி தெருவாயினும் உள்ளூராயினும், கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது தலைவரின் மின் கையொப்பக் கருவியையும் கடவுச்சொல்லையும் கடையில் விட்டுவரலாகாது. அதனைப் பிறர் தவறாகப் பயன்படுத்தக்கூடும். பழைய விண்டோஸில்தான் இயங்கும் கருவி ஒன்று இருப்பின், அக்கணினியை இணையத்தில் சேர்க்காது தனித்து வைத்தல் வேண்டும்.

பழகியது எளிது என்பதனால் மட்டும் பின்செல்லுதல் தகாது. புதியது என்பதனால் மட்டும் முன்செல்லுதலும் தகாது. திருத்தங்கள் தவறாது வந்துசேரும் இயங்குதளம் எதுவோ, நம் கணினி தாங்கக்கூடியது எதுவோ, அதனையே தேர்ந்து கொள்வோமாக. ஊர்ப்பொதுப் பணத்தைக் காக்கும் கடமையில் இதுவும் ஒரு பகுதியாகும்.